கட்டுநாயக்கவில் கடவுச்சீட்டை நீட்டும் முன்: முதற்பயணிகளுக்கு ஒரு வழிகாட்டி

வெளிநாட்டுப் பயணம் என்றால் பெட்டியை எத்தனை தடவை நிறுத்துப் பார்க்கிறோம்! பலகாரப் பொதி இதில் அடங்குமா, ஊறுகாய்ப் போத்தல் கசியுமா என்று வீடே கூடி யோசிக்கிறது. குடிவரவுக் கருமபீடத்தில் அதிகாரி என்ன கேட்பார், அவரிடம் நாம் என்ன கேட்கலாம் என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. கொழும்பு கோட்டையிலிருந்து 187ஆம் இலக்க பஸ்ஸில் கட்டுநாயக்க விமான நிலையம் போய்ச் சேருவதற்குள் இதை வாசித்து முடித்துவிடலாம். ஆனால் முதல் இரண்டு படிகளையும் வீட்டிலேயே செய்துவிடுங்கள்.

படி 1: சட்டத்தின் கண்ணில் நீங்கள் யார்?

இலங்கைக் குடிமக்களுக்கு நாடு திரும்பும் சுதந்திரத்தை 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தருகிறது. விசாரிக்கலாம், காத்திருக்க வைக்கலாம். ஆனால் குடிமகனை அந்நியனாக எண்ணித் திருப்பி அனுப்ப முடியாது.

இங்கேதான் வெளிநாட்டில் வாழும் நம் உறவினர்கள் பலர் தவறாக எண்ணிக்கொள்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் கனடாக் குடியுரிமை பெற்று, இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்காமல் விட்டிருந்தால், சட்டப்படி அவர் இப்போது வெளிநாட்டவர். வெள்ளவத்தையில் சொந்த வீடு இருந்தாலும் அதே நிலைதான். அவருக்கு இலத்திரனியல் பயண அனுமதி வேண்டும். அந்த அனுமதி கையில் இருப்பதாலேயே உள்ளே வரும் உரிமை கிடைத்துவிடாது. இறுதி முடிவு கருமபீடத்தில்தான். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்கள் இலங்கைக் கடவுச்சீட்டையோ இரட்டைக் குடியுரிமைச் சான்றிதழையோ கையோடு கொண்டுவர வேண்டும்.

படி 2: ஒரு கடதாசி உறை

தொலைபேசியை நம்பியிருக்க வேண்டாம். மின்கலம் தீரலாம், அதை ஒப்படைக்கச் சொல்லவும் கூடும். உறவினர் ஒருவரின் இலக்கம், தெரிந்த சட்டத்தரணி ஒருவரின் இலக்கம், தங்கும் முகவரி, திரும்பும் டிக்கெட், அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி ஆகியவற்றை ஓர் உறையில் வையுங்கள். பிறப்புச் சான்றிதழ் எதற்கு என்று கேட்பீர்கள். நம்மிடையே தந்தையின் பெயர்தான் முன்னால் வருகிறது. ஒரே பெயரும் ஒரே தலைப்பெழுத்தும் உள்ளவர்கள் எத்தனையோ பேர். கணினியில் இன்னொருவருடைய பெயரோடு உங்கள் பெயர் ஒத்துப்போனால், பிறந்த திகதியும் அடையாள அட்டை இலக்கமும்தான் உங்களைப் பிரித்துக் காட்டும்.

வேலைக்காக வெளிநாடு செல்பவர்கள் புறப்படுவதற்கு முன்பே வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்துகொள்ள வேண்டும்.

படி 3: எதிரில் இருப்பவர் யார்?

கடவுச்சீட்டைப் பார்ப்பவர் குடிவரவு குடியகல்வு அதிகாரி. 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் அவருக்கு அதிகாரம் தருகிறது. பெட்டியைத் திறக்கச் சொல்பவர் சுங்க அதிகாரி. அவருடைய சட்டம் வேறு. சாதாரண உடையில் வந்து பேசுபவர் பொலிஸாராக இருக்கலாம். “நீங்கள் எந்தத் திணைக்களம்?” என்று பணிவாகக் கேளுங்கள். அந்த ஒரு பதிலில்தான் மற்ற எல்லாம் தங்கியிருக்கிறது.

கேட்ட கேள்விக்கு உண்மையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். பொய் சொன்னால் அதுவே குற்றமாகிவிடும். கேட்காத கதையை நீட்டிக்கொண்டு போகவும் தேவையில்லை.

படி 4: விளங்காத மொழிக்குத் தலையாட்டாதீர்கள்

இந்த வழிகாட்டியை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். என் மாமி ஒருவர், ஓர் அரச அலுவலகத்தில் முழுவதும் சிங்களத்தில் இருந்த படிவத்தில் கையொப்பம் வைத்துவிட்டு வந்தார். “என்ன எழுதியிருந்தது மாமி?” என்று கேட்டேன். “தெரியாது பிள்ளை, பின்னால் வரிசை நீண்டுவிட்டது, அதனால் வைத்தேன்” என்றார். அதைச் சரிசெய்ய நாங்கள் மூன்று மாதம் அலைந்தோம்.

தமிழும் அரசகரும மொழி என்கிறது அரசியலமைப்பின் 18ஆம் உறுப்புரை. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடங்களிலும், அரச அதிகாரியுடன் தமிழிலோ ஆங்கிலத்திலோ தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. இதைக் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். நீங்கள் சலுகை எதுவும் கேட்கவில்லை. அந்த நேரத்தில் சொல்வதற்கு ஒரு சிங்கள வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: “மட்ட சிங்கள தேரென்னெ நே.” எனக்குச் சிங்களம் விளங்காது என்று பொருள். தொடர்ந்து, தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவரை அழைக்கும்படி கேளுங்கள்.

பொலிஸார் விசாரணையில் வாக்குமூலம் எடுத்தால், அதை உங்களுக்கு விளங்கும் மொழியில் எடுத்துச் சொல்ல வேண்டும். விளங்கும்வரை பேனாவைத் தொடாதீர்கள். வரிசை நீண்டால் நீளட்டும்.

படி 5: “இப்படி வாருங்கள்” என்றால்

தனியறைக்கு அழைக்கப்படுவது எல்லாம் கைது ஆகிவிடாது. பெரும்பாலும் கூடுதல் சரிபார்ப்பாகவே இருக்கும். முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கேளுங்கள்: “என்னைக் கைது செய்கிறீர்களா? காரணம் என்ன?” கைது என்றால் காரணத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்கிறது 13ஆம் உறுப்புரை. இது குடிமகன், வெளிநாட்டவர் எல்லோருக்கும் பொருந்தும். சாதாரணக் குற்றச்சாட்டில் பொலிஸார் கைது செய்தால், பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைது செய்தால், மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு 48 மணித்தியாலத்துக்குள் அறிவிக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. வெளியே காத்திருக்கும் உறவினர் இதைத் தெரிந்து வைத்திருப்பது மிக முக்கியம். உள்ளே இருப்பவரால் தொலைபேசி எடுக்க முடியாமல் போகலாம். வெளியில் இருப்பவர் எடுக்கலாம்.

பெண்களின் உடலைப் பெண்தான் சோதிக்க வேண்டும், அதுவும் கண்ணியத்தோடு. ஆண் அதிகாரி முன்வந்தால் மறுத்துப் பெண் அதிகாரியை அழைக்கச் சொல்லுங்கள்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர் தடுத்து வைக்கப்பட்டால், தம் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்கலாம். 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை அதற்கு வழி செய்கிறது.

நாட்டை விட்டுப் புறப்படும்போது “உங்களுக்குத் தடை இருக்கிறது” என்று சொன்னால், எந்த நீதிமன்றம், வழக்கு இலக்கம் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இலக்கம் கையில் இல்லாமல் சட்டத்தரணியிடம் போனால், அதைத் தேடுவதிலேயே நாட்கள் போய்விடும்.

படி 6: வெளியே வந்த அன்றே

தவறு நடந்தது என்று நினைத்தால் அன்றிரவே எழுதுங்கள்: நேரம், இடம், கருமபீட இலக்கம், சொன்ன சொற்கள், உடன் இருந்தவர்கள். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக ஒரு மாதம்தான் அவகாசம். துக்கமும் கோபமும் ஆறட்டும் என்று காத்திருந்து அந்த மாதத்தை இழந்தவர்கள் உண்டு.

மனித உரிமைகள் ஆணைக்குழுவின் அவசர இலக்கம் 1996. அங்கே ஒரு மாதத்துக்குள் முறைப்பாடு கொடுத்தால், விசாரணை நடக்கும் காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. ஆனால் முறைப்பாடு கொடுத்ததற்கான சான்று மட்டும் போதாது. விசாரணை நடக்கிறது என்பதைக் காட்டும் கடிதத்தையும் கேட்டு வாங்குங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லாதவர்கள் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

என்ன நடந்தது என்பதே விளங்கவில்லை என்றால், குடிமக்கள் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்குத் தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தகவலைத் தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். விண்ணப்பத்தில் விமான இலக்கம், திகதி, படி 5இல் நீங்கள் குறித்து வைத்த நேரம் மூன்றையும் மறக்காமல் எழுதுங்கள்.