கொறங்காட்டில் மின்சிட்டு பார்ப்பது எப்படி?

காங்கேயம், மூலனூர் பக்கம் பஸ்ஸில் போனால், கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப்புல்லும் அங்கங்கே வெள்வேல மரமுமாக மேய்ச்சல் நிலம் தெரியும். அந்தக் கொறங்காடுதான் நமக்கு இடம். தேடப்போவது சின்ன மின்சிட்டு. நீண்ட வாலையும் சேர்த்தே 16 செ.மீ.தான் இருக்கும். ஆணுக்குத் தலையும் முதுகும் கருஞ்சாம்பல், நெஞ்சு ஊதிவிட்ட தணல்.

முதலில், நிற்கும் இடம். விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரை நல்ல நேரம். வெயில் உங்கள் முதுகில் விழ வேண்டும். இவ்வளவு பளிச்சென்ற குருவி தானாகக் கண்ணில் படும் என்று நம்பி, சூரியனைப் பார்த்து நின்றே நான் பல காலைகளை வீணாக்கியிருக்கிறேன். எதிர்வெயிலில் தணலும் கரிதான்.

அடுத்தது காது. 'ஸ்வீ... ஸ்வீ...' என்று சன்னமாக, விடாமல் கூப்பிட்டுக்கொண்டே ஒரு சிறு கூட்டம் வரும். சத்தம் கேட்டதும் வெள்வேலத்தின் உச்சியைப் பாருங்கள். இலைநுனியில் பூச்சி பொறுக்கிக்கொண்டிருக்கும்.

இங்கேதான் எல்லோரும் கோட்டை விடுகிறோம். கூட்டத்தின் பின்னால் ஓடக் கூடாது. அவை மரம்விட்டு மரம் தாவிப் போய்க்கொண்டே இருக்கும். நாம் போய்ச் சேரும்போது மரம் காலி. போகிற திசையைக் கவனித்து, சுற்றிப் போய் இரண்டு மரம் தள்ளி முன்னால் நின்றுகொள்ளுங்கள். தலைக்கு மேலேயே வந்து சேரும்.

அப்புறம் பைனாகுலர். அசையும் கிளையிலிருந்து கண்ணை எடுக்காமல், கருவியைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து கருவியைப் பார்த்தால் குருவி போச்சு. எட்டு மடங்கு பெரிதாக்குவது போதும்.

வெளிறிய குருவிகளையும் விட்டுவிடாதீர்கள். மேலே சாம்பல், அடியில் லேசான மஞ்சள், வாலடியில் ஆரஞ்சு என்றால் அது பெண். பச்சை கலந்த மஞ்சளும் இறக்கையில் வெள்ளைக் கோடும் குட்டை வாலுமாக இருந்தால் மாம்பழச்சிட்டு. எனக்கு அதுவும் பிடிக்கும்.

காட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள். நுழைந்ததும் படலைச் சாத்துங்கள், மாடு வெளியே போய்விடும். ஒருநாள் அண்ணாந்தபடி நின்ற என்னிடம் ஆடு மேய்க்கும் அம்மா, "ஏனுங்க, மரத்துல தேனடை இருக்குதுங்களா?" என்றார். கருவியைக் கொடுத்தேன். அரைமணி நேரம் திரும்பி வரவில்லை.