ஸ்ப்ரே இங்க் அடிச்சா பேப்பர் நெளியுதா?

ஸ்க்ராப்புக், அதாவது போட்டோ ஒட்டி அலங்கரிக்கிற ஆல்பத்துக்கு ஸ்ப்ரே இங்க் அடிக்கிற ஆக்கள் முதல்ல பேப்பரைப் பாருங்கோ, போட்டோகொப்பி எடுக்கிற 80 ஜிஎஸ்எம் (தாளின்ர கனத்தைச் சொல்லுற அளவு) தாள் ஈரம் பட்ட உடன அப்பளம் மாதிரி நெளிஞ்சிடும், 300 ஜிஎஸ்எம் வோட்டர்கலர் பேப்பர் எண்டா தாங்கும். போத்தலை நல்லாக் குலுக்கிட்டு முதல் அடியை வேஸ்ட் தாளில அடிங்கோ, அதிலதான் பெரிய துளி விழும், பேந்து ஒரு அடி தூரத்தில பிடிச்சு மெல்லிசா அடிச்சாக் காணும்.

ஸ்டென்சில் (டிசைன் வெட்டின தகடு) வச்சு அடிச்சா அதை உடன கழுவிப்போடாதேங்கோ, ஒட்டியிருக்கிற இங்கோட அப்பிடியே இன்னொரு தாளில கவுத்து டிஷ்யூவால அமத்தி எடுங்கோ, ஓசியில இன்னொரு டிசைன், நிலாவெளி பீச் படங்களுக்குப் பின்னால நீலத்தில இப்பிடிச் செய்தா அலை மாதிரியே வரும், எனக்கெண்டா முதல் அடிச்சதை விட இதுதான் வடிவு.

கார்த்திகை மார்கழி மழைக்க எங்கட திருகோணமலையில காத்தே ஈரம், தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும் ஆனா ஆல்பத்தை மூடினா அடுத்த பக்கத்தில ஒட்டிரும். இரவு முழுக்க ஃபேனுக்குக் கீழ விட்டுட்டுத்தான் போட்டோ ஒட்டுங்கோ. காய வைக்கிறன் எண்டு வெயிலுக்க வைக்க வேண்டாம், டை இங்க் (சாய மை) மங்கும். ஸ்ப்ரே போத்தலின்ர மூக்கு அடைச்சா அதைக் கழட்டிச் சுடுதண்ணியில ஊறப்போடுங்கோ.