இரண்டு பேருக்கு மீன் சொதி: அடுப்பில் 20 நிமிடம்

காய்ச்சல் விட்ட உடம்புக்கும் மழையில் நனைந்து வீடு வந்த இரவுக்கும் திருகோணமலைப் பக்கத்தில் முதலில் நினைவுக்கு வருவது மீன் சொதி. இடியப்பத்துக்கு விடுகிற அதே தேங்காய்ப்பால் சொதிதான். கிண்ணத்தில் ஊற்றிக் குடிப்பதென்றால் பாலைக் கொஞ்சம் தண்ணியாக வைத்து, உள்ளியும் (பூண்டு) மிளகும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சாமான்கள் பெரும்பாலும் வீட்டிலேயே இருக்கும். சொதி நன்றாக வருவதும் கெட்டுப்போவதும் நெருப்பிலும், எதை எப்போது சட்டியில் விடுகிறோம் என்பதிலும்தான் இருக்கிறது. அளவு சற்றுக் கூடிக் குறைந்தால் சமாளிக்கலாம், வரிசை தவறினால் சமாளிப்பது கஷ்டம்.

மீன்

இரண்டு பேருக்கு 250 கிராம் போதும். தலையும் சேர்த்தென்றால் 350 கிராம். வெள்ளைச் சதை மீனாக எடுங்கள்: விளைமீன், பாரைக்குட்டி, கலவாய், ஒட்டி. சொதிக்கு ருசியைக் கொடுப்பது தலையும் நடு முள்ளும். சதைத் துண்டை மட்டும் போட்டால் பால்தான் ருசிக்கும், மீன் ருசிக்காது. ஒட்டியின் செட்டை முள் குத்தினால் கடுகடுவென்று வலிக்கும், ஆகவே விற்பவரிடமே வெட்டித் தரச் சொல்லுங்கள்.

சூரை, கும்பளா, சாளை இதற்கு வேண்டாம். அவற்றின் சதை கறுப்பு, எண்ணெயும் கூட. தேங்காய்ப்பால் அந்த வெடுக்கை மறைக்காது, எடுத்துக் காட்டும். அவை பழப்புளியும் மிளகாய்த்தூளும் போட்ட குழம்புக்கு உரியவை. இன்னொரு காரணமும் உண்டு. சூரை வகை மீன் ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால் அதில் ஹிஸ்டமின் உண்டாகிவிடும். சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு கடித்து, தலை இடிக்கும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. நோயாளிக்கு வைக்கிற சொதியில் அப்படியொரு ஆபத்தை வைக்கவே கூடாது.

நல்ல மீன் என்றால் கண் தெளிவாகப் புடைத்திருக்கும், செவுள் சிவந்திருக்கும், விரலால் அமத்தினால் குழி உடனே நிரம்பும். செவுள் மண்ணிறமாக இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று அடித்துக் கடல் குழம்பும்போது சின்னப் படகுகள் இறங்குவது குறையும், மீன் விலையும் ஏறும். சொதி அதிகம் தேவைப்படுகிற மாதங்களும் அவைதான். அப்போது கிண்ணியா, தம்பலகாமம் பக்கத்துக் களப்பு இறால் 150 கிராம் வாங்கினால் இரண்டு பேருக்கும் போதும். கோதைக் கழற்றிய பிறகு தலையை எறியாமல், ஒரு கப் தண்ணீரில் 5 நிமிடம் கொதிக்க வைத்து வடித்து, அந்தத் தண்ணீரை, கீழே சொல்லுகிற இரண்டாம் பாலுக்குப் பாதியாகச் சேருங்கள்.

கழுவும்போது இரண்டு இடங்களை விடாதீர்கள். தலையில் செவுள் மிச்சமிருந்தால் சொதி கசக்கும். நடு முள்ளை ஒட்டி உறைந்திருக்கிற கறுப்பு இரத்தத்தைக் கத்தி நுனியால் சுரண்டி எடுக்காவிட்டால் வெடுக்கு போகாது. பிறகு உப்பும் கொஞ்சம் மஞ்சளும் தடவி, 5 நிமிடத்தில் கழுவிவிடுங்கள். தேசிக்காய்ப்புளியில் (எலுமிச்சைச் சாற்றில்) ஊற வைக்கிற பழக்கம் சிலருக்கு உண்டு. அப்படி நெடுநேரம் விட்டால் சதை வெளுத்து இறுகிவிடும், சொதியில் போட்டால் பஞ்சுபோல் இருக்கும்.

பால்

ஒரு நடுத்தரத் தேங்காயில் பாதி எடுங்கள். ஓட்டை ஒட்டிய கறுப்புத் தோல் வராமல் திருவுங்கள், வந்தால் பால் மங்கிவிடும். திருவின பூவில் கைச்சூட்டுத் தண்ணீர் 100 மில்லிலீற்றர் விட்டுப் பிசைந்து பிழிந்தால் அது முதற்பால். அதைத் தனியே வையுங்கள். அதே பூவில் இன்னும் 400 மில்லிலீற்றர் விட்டுப் பிழிவது இரண்டாம் பால். இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிட்டால் இந்தச் சொதி வராது.

காரணம் இதுதான். தேங்காய்ப்பால் என்பது தண்ணீரில் சிதறி நிற்கிற கொழுப்பு. அந்தக் கொழுப்பைப் பிடித்து வைத்திருப்பது பாலிலுள்ள புரதம். 80 பாகை செல்சியஸ் அளவில் அந்தப் புரதம் கட்டியாகத் தொடங்கும். தளதளவென்று கொதித்தால் கொழுப்பு பிரிந்து எண்ணெயாக மிதக்கும், அடியில் சின்னச் சின்னத் துணுக்குகள் நிற்கும். இரண்டாம் பாலில் கொழுப்பு குறைவு, ஆகவே கொதி தாங்கும். முதற்பால் தாங்காது. வெங்காயமும் மீனும் இரண்டாம் பாலில் அவிய வேண்டும், முதற்பால் கடைசியில் சூடேறினால் மட்டும் போதும்.

பெட்டித் தேங்காய்ப்பால் மாவு என்றால், இரண்டாம் பாலுக்கு 2 மேசைக்கரண்டி மாவை 400 மில்லிலீற்றர் சுடுதண்ணீரிலும், முதற்பாலுக்கு 3 மேசைக்கரண்டியை 100 மில்லிலீற்றரிலும் கரையுங்கள். பெரும்பாலான மாவில் மாட்டுப்பால் புரதமும் சேர்ந்திருப்பதால் சூட்டை ஓரளவு தாங்கும். புளியை அதுவும் தாங்காது.

சட்டிக்குள்

மற்றச் சாமான்: சின்ன வெங்காயம் 8, பச்சைமிளகாய் 3 (நோயாளிக்கென்றால் 1), உள்ளி 3 பல்லு, கறிவேப்பிலை ஒரு நெட்டு, ரம்பை இலை விரல் நீளத் துண்டு, வெந்தயம் கால் தேக்கரண்டி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, மிளகுதூள் அரைத் தேக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி, தேசிக்காய் பாதி.

சட்டி சின்னதாக இருக்க வேண்டும். 16 முதல் 18 சென்ரிமீற்றர் அகலம் சரி. அகலச் சட்டியில் பால் வற்றிவிடும், மீனும் முழுதாக மூழ்காது.

வெங்காயத்தை மெல்லியதாக அரியுங்கள், மிளகாயை நெடுக்கே கீறுங்கள், உள்ளியை நசுக்குங்கள். இவற்றோடு கறிவேப்பிலை, ரம்பை, வெந்தயம், மஞ்சள், உப்பு எல்லாவற்றையும் சட்டியில் போட்டு இரண்டாம் பாலை விட்டு நடு நெருப்பில் வையுங்கள். எண்ணெயில் வதக்கத் தேவையில்லை. கொதி வந்த பிறகு 7 நிமிடம் விடுங்கள். வெங்காயத்தை விரலால் நசித்தால் நசிய வேண்டும், மஞ்சளின் பச்சை வாசம் போயிருக்க வேண்டும். இந்த 7 நிமிடத்தைக் குறைத்தால் பிறகு ஈடு செய்ய இடமில்லை, ஏனென்றால் மீன் விழுந்த பிறகு நேரம் முழுக்க மீனுடையது.

இப்போது நெருப்பைக் குறைத்து மீனைப் போடுங்கள். தலை முதலில், 2 நிமிடம் கழித்துத் துண்டுகள். 2 சென்ரிமீற்றர் தடிப்புள்ள துண்டுக்கு 5 நிமிடம் போதும். இறால் என்றால் 3 நிமிடம். அகப்பை போட்டுக் கிண்ட வேண்டாம். சட்டியின் இரு பக்கத்தையும் துணியால் பிடித்து மெல்லச் சுழற்றினால் மீன் உடையாமல் உப்பும் மஞ்சளும் பரவும். சதை கண்ணாடிபோல் இருப்பது மாறி வெள்ளையாகி, முள்ளிலிருந்து இலேசாகக் கழன்றால் அவிந்துவிட்டது.

பிறகு முதற்பாலை ஓரமாக விட்டு, சட்டியைச் சுழற்றுங்கள். இனி அடுப்பை விட்டு நகரக்கூடாது. சட்டியின் விளிம்பில் சின்னக் குமிழ்கள் வந்து, நடுவில் ஆவி எழும்பும் நேரத்தில் இறக்கிவிடுங்கள். நடுவில் கொதி எழும்ப விடக்கூடாது. மிளகுதூளைத் தூவி, மூடாமல் 2 நிமிடம் வையுங்கள். மூடினால் உள்ளே சூடு அடங்காமல், இறக்கிய பிறகும் பால் திரையலாம்.

தேசிக்காய்ப்புளி கடைசி. முதலில் ஒரு தேக்கரண்டி விட்டு ருசி பாருங்கள், தேவையென்றால் இன்னும் அரை. விதை விழாமல் பிழியுங்கள், விதை கசக்கும். சட்டி அடுப்பில் இருக்கும்போது புளி விடுவதுதான் சொதி திரைவதற்கு முதற் காரணம். சூடும் புளியும் ஒன்றாகச் சேர்ந்தால் எந்தத் தேங்காய்ப்பாலும் நிற்காது.

பிழைத்துவிட்டால்

திரைந்த சொதியை முழுதாகத் திருப்ப முடியாது, ஆனால் சாப்பிடக் கூடாததல்ல. கொஞ்சம் முதற்பால் எடுத்து வைத்திருந்தால், சட்டி ஆறிய பிறகு விட்டுச் சுழற்றுங்கள், பார்வைக்காவது தேறும். பயமாக இருந்தால் அடுத்த முறை ஒரு தேக்கரண்டி அரிசிமாவைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து, முதற்பாலுக்கு முன் விட்டு ஒரு கொதி வைக்கலாம். சொதி கொஞ்சம் தடிக்கும், பால் பிரிவது குறையும்.

கசந்தால் மூன்று இடத்தைப் பாருங்கள்: வெந்தயம் கூடியிருக்கும், செவுள் மிஞ்சியிருக்கும், அல்லது தேசிக்காய்த் தோலை அமத்திப் பிழிந்திருப்பீர்கள். உப்புக் கூடினால் உருளைக்கிழங்கு போட்டு எடுப்பதில் பெரிதாகப் பயனில்லை, அது குடிக்கிற தண்ணீரோடுதான் உப்பும் போகும். சுடுதண்ணீரும் கொஞ்சம் பாலும் விட்டுப் பெருக்குவதுதான் வழி.

ஒருவருக்கு மட்டும் என்றால்

எல்லாவற்றையும் சரிபாதியாக்க வேண்டாம். மீன் 120 கிராம், முதற்பால் 60 மில்லிலீற்றர். ஆனால் இரண்டாம் பால் 250 வேண்டும், ஏனென்றால் வெங்காயம் அவிகிற நேரம் குறையாது, அந்த நேரத்தில் வற்றுவதும் குறையாது. வெந்தயம் ஒரு சிட்டிகைதான்.

வெள்ளிக்கிழமையோ விரத நாளோ என்றால் மீனுக்குப் பதில் ஒரு உருளைக்கிழங்கைச் சின்னதாக வெட்டி வெங்காயத்தோடு அவிய விடுங்கள், கடைசி 3 நிமிடத்தில் ஒரு கைப்பிடி முருங்கையிலையைத் தூவி மூடாமல் அவியுங்கள். முட்டை சாப்பிடுவோர் கொதி அடங்கிய இரண்டாம் பாலில் முட்டையை உடைத்து விட்டு, அசைக்காமல் 4 நிமிடம் விடலாம்.

இரவுக்கும் காலைக்குமாக வைப்பதென்றால், புளி விடுவதற்கு முன் காலைப் பங்கை வேறாக எடுத்து ஆற வைத்துப் பிரிட்ஜில் வையுங்கள். இங்குள்ள வெக்கைக்குத் தேங்காய்ப்பால் வெளியில் 2 மணித்தியாலத்துக்கு மேல் நம்பி வைக்கக் கூடியதல்ல. காலையில் குறைந்த நெருப்பில், மீன் துண்டின் நடுவரை சூடேறும்வரை வைத்து, இறக்கிய பிறகு புளி விடுங்கள். பாணைத் தோய்த்துச் சாப்பிட அந்தப் பங்கு இன்னும் நன்றாக இருக்கும்.