ஜப்பானிய மொழி கிளாஸ் எடுக்கப் போறீங்களா? மொத ரெண்டு மாசம் நான் செய்யுத வரிசை

பாளையங்கோட்டைல எங்க வீட்டு மாடில ஞாயித்துக்கிழமை தோறும் ஜப்பானிய மொழி கிளாஸ் எடுக்கேன். பதினோரு பேரு வாராங்க, பாலிடெக்னிக் முடிச்ச பயலுவ, நர்சிங் முடிச்ச பிள்ளைய, பொறவு மெடிக்கல் ஷாப் வச்சிருக்க ஒரு அண்ணாச்சி, அவ்வொ எதுக்கு வாராவன்னு இன்னும் எனக்குத் தெரியல. 2019 ஏப்ரல்ல ஜப்பான்காரங்க திறன் தொழிலாளர் விசா கொண்டு வந்தாங்கல்லா, அதுக்கு ஜேஎல்பிடிங்கிற ஜப்பானிய மொழிப் பரீட்சைல என்4 (கீழருந்து ரெண்டாவது படி) வேணும், இல்லன்னா அதுக்கு ஈடா இருக்க ஜேஎஃப்டி பேசிக்ங்கிற பரீட்சைல பாஸாகணும். அதுலருந்து நம்ம ஊருலயும் கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. கிளாஸ் எடுக்கணும்னு நெனச்சி, எங்க தொடங்கன்னு முழிக்குதவங்களுக்குத்தான் இதை எழுதுதேன்.

தொடங்கும்போதே ஒண்ணு சொல்லிப்புடுதேன், கிளாஸ்ல இங்கிலீஷைப் பாலமா வைக்காதீங்க. நான் படிச்ச எடத்துல (எதுன்னு வேண்டாம்) மொதல்ல இங்கிலீஷ் வாக்கியம், அதைத் தலைகீழாத் திருப்பி ஜப்பானியம், அதை நாங்க மனசுக்குள்ள மறுபடி திருப்பித் தமிழ், இப்படி ரெண்டு தடவ கரணம் போட்டே ஆறு மாசம் போச்சு.

படி 1: நோட்டைப் பிடுங்கி வைங்க

மொத அஞ்சு வாரம் பேனா கூடாது. நான் வாசல்ல நின்னு "தத்தே குதசாய்"னு சொல்லி நானே எந்திப்பேன், "சுவத்தே குதசாய்"னு சொல்லி உக்காருவேன், கதவைத் திற, லைட்டைப் போடு, எல்லாமே ஆர்டர்தான், அவங்க பதில் பேசவே வேண்டாம், செஞ்சாப் போதும். இதை 1960கள்லயே ஜேம்ஸ் ஆஷர்னு ஒரு அமெரிக்க சைக்காலஜி பேராசிரியர் முறையா வகுத்து, ஜப்பானிய மொழியை வச்சே சோதிச்சும் பாத்தாரு. அண்ணாச்சி மட்டும் முட்டுவலின்னு எந்திக்க மாட்டாவ, கையத் தூக்குவாவ, அது போதும்.

நோட்டு ஏன் கூடாதுன்னா, அவங்க எழுதப்போறது தமிழ் எழுத்துல. நமக்கு ககரம் ஒண்ணுதான், தகரம் ஒண்ணுதான். ஜப்பானியத்துல வானிலைக்கு ஒரு வார்த்தை, கரண்டுக்கு ஒரு வார்த்தை, மொத எழுத்து ஒண்ணுல வல்லுசா, இன்னொண்ணுல மெல்லுசா வரும், வித்தியாசம் அம்புட்டுதான். ஒரு பய ரெண்டுக்கும் "டெங்கி"ன்னு எழுதி வச்சிக்கிட்டு, "இன்னைக்கி டெங்கி நல்லாருக்கு"ன்னு வாசிக்கான். ஏல, இதை ஆஸ்பத்திரில படுத்துருக்கவன்ட்ட போய்ச் சொல்லுலேன்னேன்.

படி 2: குறில் நெடில்

இது நமக்கு அல்வா. "ஒபசான்"னா அத்தை, "ஒபாசான்"னா பாட்டி. "கிதே"ன்னா வந்து, "கித்தே"ன்னா தபால்தலை. தமிழ்ல படி, பாடி, பட்டின்னு நாக்கு பழகிப்போச்சு, பத்து நிமிஷம் போதும், அடுத்ததுக்குப் போயிருங்க.

படி 3: இது, அது, எது

மேசைல சாமான் பரப்புங்க, ஒரு எலுமிச்சம்பழம், சாவி, பனங்கற்கண்டு பொட்டலம். கோரே, சோரே, அரே, தோரே. கோரேன்னா இது, அரேன்னா அது, தோரேன்னா எது. நடுவுல இருக்க சோரே, கேக்குதவன் பக்கத்துல இருக்க சாமானுக்கு. இதுக்குத்தான் பிள்ளைய முழிக்கும். தமிழ்லயும் இது, உது, அதுன்னு மூணு உண்டுன்னு இலக்கணத்துல படிச்சிருக்கோம்லா, யாழ்ப்பாணத்துல இன்னும் உது பேச்சுல இருக்கு, நாமதான் தொலைச்சிட்டோம்னு சொல்லிட்டுச் சாமானை அவங்க கையிலயே குடுத்துக் கேளுங்க. கேள்விக்கு கடைசில ஒரு "கா" போட்டாப் போதும், நம்ம "ஆ" மாதிரியே. சென்சேய் தேஸ், டீச்சர்தான். சென்சேய் தேஸ் கா, டீச்சரா?

படி 4: பஸ்ஸுல ஏத்துங்க

எனக்கு ரொம்பப் பிடிச்ச கிளாஸ் இது. போர்டுல ஒரே ஒரு வரி எழுதுவேன்:

பாளையங்கோட்டை கரா / ஜங்ஷன் மதே / பசு தே / இகிமஸ்.

கீழயே தமிழ்: பாளையங்கோட்டைலருந்து / ஜங்ஷன் வரைக்கும் / பஸ்ஸுல / போறேன்.

ஒரு வார்த்தை கூட எடம் மாறல பாத்தீங்களா. வினை கடைசில, உருபு பெயருக்குப் பின்னால. கரா-ன்னா இருந்து, மதே-ன்னா வரைக்கும், "நோ"ன்னா உடைய. ("பசு"ன்னா பஸ்ஸுதான், நீங்க நினைக்கது இல்ல, இந்தச் சிரிப்பு அடங்க அஞ்சு நிமிஷம் ஒதுக்கிக்கோங்க.) பொறவு ஒவ்வொருத்தரும் அவங்கவங்க ஊரைப் போட்டுச் சொல்லணும், மேலப்பாளையம், தச்சநல்லூர், அம்பை. அன்னைக்கே பதினோரு பேரும் முழு வாக்கியம் பேசிருவாங்க.

அதுக்கு மேல ருசி இருக்கு. "தபெதே மிமஸ்"னா சாப்ட்டுப் பாக்கேன், மிமஸ்னா பாக்கது, நாம சொல்லுத அதே "பார்". இதை இங்கிலீஷ் வழியா விளக்க அரைப்பக்கம் ஆகும், தமிழ்ல விளக்கமே வேண்டாம். உடனே ஒருத்தன் ரெண்டும் ஒரே குடும்பமான்னு கேப்பான். ஜப்பான்ல சுசுமு ஓனோன்னு ஒரு அறிஞர் தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் உறவு இருக்குன்னு எழுதினாரு, மொழியியல்காரங்க பெருவாரியா ஒத்துக்கல. அதைச் சொல்லிட்டு மேல போங்க, வாக்குவாதத்துல கிளாஸ் போயிரும்.

படி 5: தமிழ் காலை வாருத எடம்

"இருக்கு"ங்கிறதுக்கு அங்க ரெண்டு வினை, உசிரு உள்ளதுக்கு இமஸ், இல்லாததுக்கு அரிமஸ். நமக்குப் பிரிவினை உயர்திணை அஃறிணை, அதனால நாய், மாடு, கோழி எல்லாத்தையும் கொண்டுபோய் அரிமஸ்ல தள்ளிருவாங்க. திருத்திக்கிட்டே இருக்காம, தெருவுல பாத்ததையெல்லாம் ரெண்டு பத்தியா அடுக்கச் சொல்லுங்க. எங்க கிளாஸ்ல மீன் எந்தப் பத்தின்னு சண்டை வந்துது. குளத்துல கெடக்கது இமஸ், சட்டில கெடக்கது அரிமஸ்.

படி 6: இப்பதான் எழுத்து

ஆறாவது வாரம் ஹிரகானாங்கிற ஜப்பானிய எழுத்து வகை, அடிப்படை 46. வரிசை அ, இ, உ, எ, ஒ, பொறவு க, ச, த, ந. வடமொழி எழுத்து வரிசை பௌத்தத்தோட அங்க போனதுல வந்த ஒழுங்கு அது, அதனால நம்ம பிள்ளைகளுக்கு மனப்பாடமே வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு வரிசை, அஞ்சு எழுத்து, போதும். வல்லுசை மெல்லுசாக்க அதே எழுத்துக்கு மேல வலப்பக்கம் ரெண்டு சின்னக் கோடு. நோட்டை இப்பத் திருப்பிக் குடுத்தேன், அந்தப் பய மொத வேலையா ரெண்டு டெங்கியையும் எழுதி ஒண்ணுக்கு மட்டும் கோடு போட்டுக் காட்டுனான்.