தட்டில் ஒரு காவிரி: ஆறு நிலத்தைச் செதுக்குவதை வீட்டிலேயே பார்க்கலாம்

பள்ளத்தாக்கு உருவாக லட்சக்கணக்கான ஆண்டுகள் ஆகும். ஆனால் ஓடும் நீர் அதே வேலையை ஈர மணலில் அரை மணி நேரத்தில் செய்துகாட்டிவிடும்.

தேவையானவை: விளிம்பு உயர்ந்த நீளமான தட்டு, சலித்த மணல், ஒரு செங்கல், மூடியில் சின்னத் துளை போட்ட தண்ணீர் பாட்டில்.

1. மணலை நனைத்து, தட்டின் முக்கால் பாகத்தில் பரப்புங்கள். மீதியைக் காலியாக விடுங்கள், அதுதான் கடல்.

2. மணல் உள்ள முனைக்கு அடியில் செங்கலை வையுங்கள். காவிரிக்கு இந்தச் சரிவைத் தருவது மேற்குத் தொடர்ச்சி மலை. குடகில் தலைக்காவிரி 1,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது.

3. விரலால் லேசாக வளைந்த ஒரு கோடு இழுத்து, மேல்முனையில் பாட்டிலைக் கவிழ்த்து மெதுவாக நீர் விடுங்கள். அவசரப்பட்டால் மணல் மொத்தமாகச் சரிந்துவிடும். வளைவின் வெளிக்கரையை நீர் அறுக்கும், உட்கரையில் மணல் சேரும். வைகையோ தாமிரபரணியோ, எந்த ஆற்று வளைவிலும் இதைப் பார்க்கலாம்.

4. இப்போது கடலோரத்தைக் கவனியுங்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. நீர் கடலைத் தொட்டதும் வேகம் குறையும். வேகம் குறைந்தால் சுமந்து வந்த மணலைக் கீழே போட்டுத்தான் ஆக வேண்டும். அப்படிப் போட்ட மணல் மேடாகி நீரின் வழியையே அடைக்கும். நீர் பக்கவாட்டில் புது வழி தேடும், அப்புறம் அதுவும் அடைபடும். கொஞ்ச நேரத்தில் விசிறி மாதிரி ஒரு நிலம் கடலுக்குள் நீளும். தஞ்சைத் தரணி உருவானது இப்படித்தான். வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு என்று காவிரி இத்தனை கிளையாகப் பிரிவதற்கும் அடிப்படைக் காரணம் இதுவே. பின்னாளில் மனிதர்கள் அணையும் மதகும் கட்டி அந்த நீரை முறைப்படுத்தினார்கள்.

5. கடைசியாக, ஆற்றின் நடுவே ஒரு தட்டைக் கல்லைக் குறுக்காக நட்டு, தொடர்ந்து நீர் விடுங்கள். கல்லுக்குப் பின்னால் மணல் தேங்கும், விசிறி வளர்வது மட்டுப்படும். 1934-இல் மேட்டூர் அணை வந்த பிறகு காவிரியின் வண்டலில் பெரும்பகுதி நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுகிறது. புது வண்டல் வராத கடற்கரையை அலை அரிப்பது எளிது. தட்டிலும் பார்க்கலாம்: கல்லை எடுக்காமல், கடல் பக்கத்து நீரைக் கையால் மெல்ல அலையடிக்கச் செய்யுங்கள். விசிறியின் நுனி கரையத் தொடங்கும்.