கறிவேப்பிலைத் தொட்டியில் வண்ணத்துப்பூச்சி வளர்வதைப் பார்ப்பது எப்படி?

வண்ணத்துப்பூச்சி வர வேண்டும் என்று பலரும் பூச்செடிதான் வாங்குகிறார்கள். பூவுக்குத் தேன் குடிக்க வரும், முட்டையிட வராது. புழு எந்த இலையைத் தின்னுமோ, அந்தச் செடியில்தான் தாய்ப்பூச்சி முட்டை வைக்கும். சென்னை மொட்டை மாடியில் தொடங்க ஒரு கறிவேப்பிலையும் ஒரு எலுமிச்சையும் போதும். எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற இரண்டு இனங்களும் இவற்றைத் தேடி வரும்.

1. செடி

நர்சரிக் கன்றில் பூச்சிமருந்து இருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். 12 அங்குலத் தொட்டிக்கு மாற்றி, ஒரு மாதமாவது விட்டு, அதன்பின் துளிர்க்கும் இலையை நம்புங்கள். வேப்பெண்ணெய்கூட அடிக்கக் கூடாது. நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கத் தளிர் வரும். தாய்ப்பூச்சி தேடுவது அந்தத் தளிரைத்தான். மழைக்குப் பின் தானாகவே நன்றாகத் துளிர்க்கும். அக்னி நட்சத்திர நாட்களில் தளிர் கருகும் என்பதால் மதிய வெயில் படாத இடத்துக்கு நகர்த்துங்கள்.

2. முட்டை

தளிரில் தனித்தனியாக, வெளிர்மஞ்சள் நிறத்தில், கசகசா அளவில் உருண்டையாக இருக்கும். மூன்று நான்கு நாளில் பொரியும். எறும்பு தூக்கிப் போவது அதிகம். அதனால் தொட்டியைத் தண்ணீர் ஊற்றிய அகலத் தட்டின் நடுவே, ஒரு செங்கல்மேல் வையுங்கள். கொசு வராமல் இருக்க அந்தத் தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும்.

3. புழு

இங்கேதான் பார்க்க நிறைய இருக்கிறது. பொரிந்த புழு முதலில் தன் முட்டையோட்டையே தின்னும். சின்னப் புழு பழுப்பும் வெள்ளையுமாக, பறவை எச்சம் போலவே கிடக்கும். நான்கு முறை தோலுரிக்கும். கடைசி உரிப்புக்குப் பிறகு பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டுக்கொம்பு ஒன்றை நீட்டி நெடி வீசும். அது எதிரியை விரட்ட. நம்மை ஒன்றும் செய்யாது.

தோலுரிக்கும் முன் ஏறத்தாழ ஒரு நாள் தின்னாமல் அசையாமல் இருக்கும். நோய் என்று நினைத்து இலையிலிருந்து பிரித்தால் பழைய தோலைக் கழற்ற முடியாமல் செத்துப்போகும். இடம் மாற்ற வேண்டுமென்றால் இலையோடு வெட்டி மாற்றுங்கள்.

குளவியும் பறவையும் விடவில்லை என்றால் வலை மூடிய டப்பாவில் வளர்க்கலாம். அடியில் காகிதம் விரித்து, எச்சத்தைத் தினமும் தட்டுங்கள். வெட்டிய கிளையைத் தண்ணீர்ப் புட்டியில் செருகினால் புட்டியின் வாயைப் பஞ்சால் அடையுங்கள், இல்லையென்றால் புழு உள்ளே விழுந்து மூழ்கும். கடைக் கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம். கழுவினாலும் மருந்து முழுக்கப் போகாது. காற்றோட்டம் இல்லாத டப்பாவில் புழு கறுத்துக் குழைந்தால், அதை அகற்றி, டப்பாவைச் சோப்பு போட்டுக் கழுவிக் காயவையுங்கள்.

4. கூட்டுப்புழு

இரண்டு வாரம் போல ஆனதும் புழு நீர்த்த எச்சம் போட்டுவிட்டுச் செடியை விட்டு நடக்கத் தொடங்கும். ‘காணோம்’ என்று தேட வேண்டாம். சுவர், தொட்டி விளிம்பு, குச்சி என்று எங்காவது இடுப்பில் ஒரு பட்டிழை கட்டித் தலை மேலாக ஒட்டியிருக்கும். டப்பாவிலும் இதற்காக நேராக ஒரு குச்சி நிறுத்துங்கள். சுற்றுப்புறத்தைப் பொறுத்துக் கூடு பச்சையாகவோ பழுப்பாகவோ அமையும்.

பெரும்பாலும் ஒன்றரை வாரத்துக்குள் விரியும். முந்தைய நாள் தோல் வழியே சிறகுக் கோலம் தெரியும். அப்படித் தெரியாமல் முழுதும் கறுத்து, சிறு வட்டத் துளை விழுந்திருந்தால் ஒட்டுண்ணிக் குளவி உள்ளே வளர்ந்து வெளியேறிவிட்டது என்று பொருள்.

5. விரிதல்

பெரும்பாலும் காலையில் நடக்கும். வெளிவந்த பூச்சி தொங்கிக்கொண்டுதான் சிறகை விரிக்க முடியும். பிடிமானம் இல்லாமல் கீழே கிடந்தால் சுருங்கியபடியே காய்ந்துவிடும். அப்போது விரலால் தூக்காமல், ஒரு குச்சியை முன்னே நீட்டி ஏறவிடுங்கள். பழுப்புநிற நீர் சொட்டும், அது கூட்டுக்குள் தங்கிய கழிவு. சிறகு உலரும்வரை தொடாதீர்கள். மழை கொட்டினால் வலைக்குள்ளேயே இருக்கட்டும், விட்டதும் திறந்துவிடுங்கள்.