லைட்டிங் கற்க முதல் புத்தகம்: வாங்கும் முன் புரட்டிப் பார்க்க வேண்டியவை

புகைப்படத்துக்கு வெளிச்சம் அமைக்கும் லைட்டிங் கற்றுக்கொள்ள வேண்டும் என்று புத்தகம் தேடத் தொடங்கினால், முதலில் கண்ணில் படுபவை எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். பக்கத்துக்கு ஒரு அழகான மாடல் படம், அதன் கீழே 'எஃப்/8, 1/125, ஐஎஸ்ஓ 100, சாஃப்ட்பாக்ஸ் இடது பக்கம்' என்று கேமரா செட்டிங்ஸ் சொல்லும் ஒரு வரி (சாஃப்ட்பாக்ஸ் என்பது விளக்கின் மேல் மாட்டும், முன்பக்கம் வெள்ளைத் துணி கொண்ட பெட்டி). பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதே எண்களை உங்கள் கேமராவில் வைத்தால் அந்தப் படம் வராது, ஏனென்றால் உங்கள் ஃப்ளாஷின் பவர் வேறு, அறைச் சுவரின் நிறம் வேறு, விளக்குக்கும் ஆளுக்கும் நடுவில் உள்ள தூரமும் வேறு. இந்த வகையை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம். முதலில் வேண்டியது, வெளிச்சம் ஏன் அப்படி விழுகிறது என்று காரணம் சொல்லும் புத்தகம்.

அதைக் கண்டுபிடிக்க முழுப் புத்தகத்தையும் படிக்க வேண்டாம். மாதிரிப் பக்கங்களிலோ நூலகத்திலோ நிழலைப் பற்றிய பகுதியைத் தேடுங்கள். 'சாஃப்ட்பாக்ஸ் போட்டால் வெளிச்சம் சாஃப்ட்டாக வரும்' என்று ஒரே வரியில் முடித்திருந்தால் மூடி வைத்துவிடலாம். நிழலின் விளிம்பு கூர்மையாக விழுமா மங்கலாக விழுமா என்பதை, படம் எடுக்கும் பொருளின் இடத்திலிருந்து பார்த்தால் விளக்கு எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான் தீர்மானிக்கிறது. சூரியன் பூமியைவிட நூறு மடங்குக்கும் மேல் அகலமானது, ஆனால் சுமார் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருப்பதால் வானத்தில் அரை டிகிரி அளவுதான் தெரிகிறது, அதனால்தான் உச்சி வெயிலில் முகத்தில் அவ்வளவு கடினமான நிழல். மேகம் மூடினால் மொத்த வானமுமே விளக்காகிவிடும். பெரிய சாஃப்ட்பாக்ஸையும் தூரத்தில் கொண்டுபோய் வைத்தால் நிழல் கூர்மையாகிவிடும். இதை விளக்கி, ஒரே பொருளை ஒரே விளக்கில் தூரத்தை மட்டும் மாற்றி எடுத்த படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிற புத்தகம் என்றால் தயங்காமல் எடுங்கள்.

அடுத்து, தூரத்தைப் பற்றி என்ன சொல்கிறது என்று பாருங்கள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால் பங்காகும், அதாவது இரண்டு ஸ்டாப் குறையும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). இந்த விதி எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அதை வைத்து என்ன செய்வது என்று சொல்கிறதா என்பதுதான் கேள்வி. ஆளிலிருந்து 1 மீட்டரில் சிறிய ஃப்ளாஷ், ஆளுக்குப் பின்னால் இன்னொரு மீட்டரில் சுவர் என்றால், முகத்தில் விழுவதில் கால் பங்குதான் சுவரில் விழும், பின்னணி இருண்டுவிடும். அதே ஃப்ளாஷை 4 மீட்டர் தள்ளி வைத்தால் சுவருக்கு 64 சதவீதம் போய்விடும். சுவருக்குப் பெயின்ட் அடிக்காமலே வெள்ளையைச் சாம்பலாக்கும் வித்தை இது, இதற்காகவே ஒரு புத்தகம் வாங்கலாம்.

மூன்றாவது, பளபளப்பு. கண்ணாடி, உலோகம், மூக்குக்கண்ணாடி போட்ட முகம் ஆகியவற்றை எப்படி எடுப்பது என்று தனி அத்தியாயங்கள் இருக்கிறதா பாருங்கள். இந்த விஷயத்தில் ஒரு பெயர் சொல்லியே ஆக வேண்டும்: 1990-ல் முதல் பதிப்பு வந்த 'லைட்: சயன்ஸ் அண்ட் மேஜிக்'. பாடப்புத்தகச் சாயல் உண்டு, நடுவில் கொஞ்சம் கொட்டாவி வரும், ஆனாலும் வெளிச்சம் எந்தக் கோணத்தில் பட்டு எந்தக் கோணத்தில் திரும்புகிறது என்ற ஒரே விஷயத்தை வைத்துக்கொண்டு உலோகம், கண்ணாடி, முகம் என்று எல்லாவற்றையும் விளக்கிவிடும்.

கருவிப் பட்டியலையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். இரண்டாவது அத்தியாயத்திலேயே நான்கு விளக்கு கேட்டால் அது உங்களுக்கானது இல்லை. ஒரு ஜன்னல், ஒரு ஃப்ளாஷ், ஒரு வெள்ளை அட்டை என்று தொடங்க வேண்டும். ஃப்ளாஷும் அறை வெளிச்சமும் கலக்கும்போது, சிங்க் வேகத்துக்குள் (ஃப்ளாஷோடு சேர்ந்து வேலை செய்யும் அதிகபட்ச ஷட்டர் வேகம்) ஷட்டரை மாற்றினால் அறை வெளிச்சம் மட்டும் மாறும், லென்ஸின் திறப்பான அப்பர்ச்சரை மாற்றினால் இரண்டும் மாறும் என்பது எங்காவது தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

பழைய பதிப்பு மலிவாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம். ஃபிலிம், பழைய ஃப்ளாஷ் மாடல்கள் பற்றிய பக்கங்களைத் தாண்டிப் போங்கள், நிழலும் கோணமும் அப்படியேதான் இருக்கின்றன.

வாங்கியதும் ஒரே மூச்சில் படித்து முடிக்காதீர்கள். ஒரு முட்டை, ஒரு ஸ்பூன், ஒரு கண்ணாடி டம்ளர் எடுத்து வையுங்கள். நிழல் அத்தியாயத்துக்கு முட்டை, பிரதிபலிப்புக்கு ஸ்பூன், டம்ளரைக் கடைசியில் தொடலாம், அதுதான் கஷ்டம். புத்தகத்தில் உள்ள படம் ஓரளவு வந்த பிறகு அடுத்த அத்தியாயத்துக்குப் போங்கள். போர்ட்ரெய்ட்டா, பொருட்களா, நிகழ்ச்சிகளா என்று உங்கள் பக்கம் எது என்று தெரிந்த பிறகு இரண்டாவது புத்தகம் வாங்கினால் போதும். அப்போது அந்த செட்டிங்ஸ் புத்தகங்களும் உதவும், எண்களை விட்டுவிட்டு, மாடலின் கண்ணில் தெரியும் விளக்கின் பிரதிபலிப்பைப் பார்த்தே அது எங்கே இருந்தது என்று கண்டுபிடித்துவிடுவீர்கள்.